கோயில் வாசல்ல கட்டுன பாத்தி

எங்க கோயில்ல கூட்டிப் பெருக்கறதுக்குச் சம்பள ஆளு கெடையாது. கோயில்னா சர்ச்சு. மரக்காணத்துப் பக்கம் நாங்க அப்படித்தான் சொல்லுவோம். சனிக்கெழம சாயந்திரம் ஆச்சுன்னா வீட்டுக்கு ஒரு ஆளு வந்து நிக்கணும், அவ்வளவுதான் சட்டம். ஜன்னல் தொடைக்கிறவங்க துணியோட வருவாங்க, பாய் ஒதறவங்க மூக்குல முந்தானையக் கட்டிக்குவாங்க, ஆம்பளைங்க வெளிய முள்ளு வெட்டுவாங்க. எனக்கு செவுரு. எங்க செவுத்துல வருஷம் பூரா உப்பு பூக்கும். கரண்டிய வெச்சுச் சொரண்டி, கூட்டித் தள்ளிட்டு, சுண்ணாம்பு பூசணும். பூசின கொஞ்ச நாள்லயே திரும்பப் பூக்கும். வேல செய்யற எடத்துலயும் உப்பு, சாமி கும்பிடற எடத்துலயும் உப்பான்னு சலிச்சுக்கினேதான் செய்வோம்.

அந்தக் கரண்டி எங்க வீட்டுக்காரரோடது. கொத்தனாரு இல்ல அவரு, உப்பளத்துல கூலி. கிட்னி கெட்டுப் போய்ச் செத்தாரு. வெயில்ல நிக்கிற பல பேருக்கு இங்க வர்ற வியாதிதான், இதுல புதுசா ஒண்ணும் இல்ல. கோயிலுக்குப் பின்னாடி பூவரச மரத்தாண்ட சபைக் கல்லறை இருக்குது, அங்கதான் படுத்திருக்காரு. நான் செவுரு சொரண்டற சத்தம் அவருக்குக் கேக்கும்னு நெனச்சுக்குவேன். சரியா சொரண்டலன்னா எழுந்து வந்து திட்டுவாரு, அந்த மாதிரி மனுஷன்.

நான் இப்ப அளத்துக்குப் போறதில்ல. ஈசிஆர் ஓரத்துல ஒரு தையல் மிஷின் போட்டிருக்கேன். புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறது, ஜாக்கெட் தைக்கிறது. எனக்கு வாய் நீளம்னு ஊர்ல பேரு. இருக்கட்டும். புருஷன் இல்லாம ஒரு பொண்ண நர்ஸுக்குப் படிக்க வெக்கணும்னா வாய் நீளமாத்தான் இருக்கணும்.

அந்தப் பொண்ணுக்குப் பாண்டியில மாப்பிள்ள அமைஞ்சுது. நல்ல பையன், இவ வேல செய்யற ஆஸ்பத்திரியிலயே லேப்ல இருக்கான். ஈஸ்டர் முடிஞ்சு மே மாசம் கல்யாணம்னு பேசியாச்சு. பொண்ணு எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. எங்க சபையில ஒரு வழக்கம் உண்டு. அப்பாவோ அம்மாவோ இல்லாத புள்ளைங்க, தாலி கட்டி முடிச்சதும், பந்திக்குப் போறதுக்கு முன்னாடி, மாலையும் கழுத்துமா நேரா கல்லறைக்குப் போவாங்க. மாலையில இருந்து ஒரு பூவ எடுத்து வெச்சிட்டு வருவாங்க. "எனக்கு ஹாலு வேணாம்மா, ஒண்ணும் வேணாம். நம்ம கோயில்ல தாலி கட்டிக்கினு அப்பாகிட்ட போயிட்டு வரணும். அது போதும்"னா. எதையும் ரெண்டாவது தடவ கேக்கற பொண்ணு இல்ல அவ. அதனாலதான் அத என்னால சாதாரணமா எடுத்துக்க முடியல.

சம்பந்தியம்மா கோயிலப் பாக்க ஒரு நாள் வேன் எடுத்துக்கினு வந்தாங்க. எங்க வாசல் அப்ப இருந்த லட்சணத்தச் சொல்லிடறேன். குழியும் மேடும். குழியில தண்ணி, மேட்டுல முள்ளு. ரோட்ட ஒசத்தி ஒசத்திப் போட்டதுல கோயில் வாசலே பள்ளத்துல போயிடுச்சு. சம்பந்தியம்மா வேன்ல இருந்து ஒரு கால எறக்கினவங்க, திரும்ப உள்ள எடுத்துக்கினாங்க. நல்ல விதமாத்தான் பேசினாங்க, பொய் சொல்லக் கூடாது.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க சர்ச்சுல ஹால் இருக்குது, கார் நிறுத்த எடம் இருக்குது. அங்கயே வெச்சிக்கலாமே? இங்க வர்றவங்க எங்க ஒக்காருவாங்க?"

பக்கத்துல எம் பொண்ணு நின்னுக்கினு இருந்தா. பூவரச மரத்துப் பக்கம் ஒரு தடவ பாத்தா, அப்புறம் கீழ குனிஞ்சுக்கினா. எனக்கு வந்துது பாருங்க கோவம், அது யாரு மேலன்னு எனக்கே தெரியல. "கல்யாணத்தன்னிக்கு வந்து பாருங்க சம்பந்தி, இந்த எடம் ஒங்களுக்கு அடையாளமே தெரியாது"ன்னு சொல்லிட்டேன். சம்பந்தியம்மா சிரிச்சுக்கினே சரின்னாங்க. நான் சொன்னது அப்படியே பலிச்சுது. அது எப்படிப் பலிச்சுதுன்றதுதான் கத.

அடுத்த ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சதும் எழுந்து நின்னு சபையில விஷயத்தச் சொன்னேன். அழுவல, கெஞ்சல. இந்த மாதிரி இந்த மாதிரி, வாசல் சரியில்லன்னு கல்யாணம் பாண்டிக்குப் போகப் பாக்குது, எம் பொண்ணு அவ அப்பாவப் பாக்காம போகப் போறான்னு சொன்னேன். மொதல்ல எழுந்தது மேஸ்திரி. எங்க வீட்டுக்காரரோட ஒரே அளத்துல வேல செஞ்சவரு, இப்ப அங்கயே மேஸ்திரி. "அண்ணி, ஒக்காருங்க. லெந்து சனிக்கெழம பூரா இனிமே வாசல் வேலதான். ஜன்னலு, செவுரு எல்லாம் அப்புறம்"னாரு. லெந்துன்னா ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் தவக்காலம். பாஸ்டர் ஆமென்னு சொன்னாரு. வானூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் புள்ள, வந்து ஒரு வருஷம் கூட ஆகல. ஆமென்னு சொன்னா வெயில்ல நிக்கணும்னு அப்ப அவருக்குத் தெரியாது.

மொதல்ல முள்ளு வெட்டினோம். அப்புறம் குழிய நெரப்ப மண்ணு வேணும். அளத்துல வாய்க்கால் தூர் வாரின களிமண்ணு மலையாக் கெடந்துது, மொதலாளி எடுத்துக்கச் சொல்லிட்டாரு, மேஸ்திரி டிராக்டர்ல கொண்டாந்து கொட்டினாரு. அது வரைக்கும் எல்லாம் சரிதான். அதுக்கப்புறம்தான் எங்க காலு எங்க பேச்சக் கேக்காம வேல செய்ய ஆரம்பிச்சுது.

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். உப்புப் பாத்தியோட தர சும்மா மண்ணு இல்ல. களிமண்ணப் பரப்பி, தண்ணி தெளிச்சு, ஆளுங்க வரிசையா நின்னு ஒருத்தர் தோள ஒருத்தர் புடிச்சுக்கினு குதிகாலால மிதிப்பாங்க. மிதிச்சு, காய விட்டு, திரும்பத் தண்ணி தெளிச்சு, திரும்ப மிதிப்பாங்க. மேல விட்ட தண்ணி ஒரு சொட்டு கூடக் கீழ எறங்கக் கூடாது. எறங்குச்சுன்னா உப்பும் இல்ல, கூலியும் இல்ல. எங்க சனம் சின்ன வயசுல இருந்து மிதிச்ச மிதி அது.

வாசல்ல களிமண்ணப் பரப்பினோமா, யாரோ ஒரு கொடம் தண்ணி தெளிச்சாங்க. யாரோ ஒருத்தர் பக்கத்துல இருந்தவங்க தோளப் புடிச்சாங்க. அவ்வளவுதான், வரிசை சேந்துடுச்சு. நானும் முந்தானைய இழுத்துச் சொருகிக்கினு எறங்கிட்டேன். அளத்துப் பாட்டுக்குப் பதிலா கீர்த்தனை, ஆனா தாளம் அதே தாளம். பாஸ்டர் பேண்ட மடிச்சுக்கினு நடுவுல வந்து நின்னவரு, ரெண்டாவது அடியிலயே சர்ருன்னு வழுக்கி ஒக்காந்துட்டாரு. "மேல பாத்து ஜெபம் பண்ணுங்க பாஸ்டர், மிதிக்கறப்ப மட்டும் கீழ பாருங்க"ன்னேன். மனுஷன் கோச்சுக்கல. எழுந்து மண்ணத் தட்டிட்டு எங்களுக்கு மேல சத்தமாப் பாடினாரு.

லெந்து பூரா இப்படியே மிதிச்சோம். முன் வாசல், பக்கவாட்டுச் சந்து, பின்னாடி கல்லறை வரைக்கும் ஒரே மட்டம். மேஸ்திரி அளத்துப் பலகையக் கொண்டாந்து இழுத்து இழுத்து நெரவினாரு. ஓரத்துல சுத்தி ஒரு வரப்பு வேற போட்டிருந்தோம். யாரு போடச் சொன்னதுன்னு இன்னிக்கிக் கேட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது. தரைய மிதிச்சா வரப்பு போடணும், கை அது பாட்டுக்குப் போட்டிருக்குது.

எதுத்தாப்புல ஹார்ட்வேர் கட வெச்சிருக்கற பாய், கல்ஃப்ல இருந்து வந்து கட போட்டவரு, ரோட்டுல நின்னு பாத்துட்டு, "என்னக்கா, உள்ள உப்பு போடப் போறீங்களா?"ன்னாரு. "ஒங்க கடையில சிமெண்ட்டு வாங்கலன்னு வயித்தெரிச்சலா பாய்?"னு நான் கேட்டேன். எல்லாரும் சிரிச்சோம். பாயும் சிரிச்சாரு. அந்த மனுஷன் உண்மையச் சொன்னாருன்னு ஒருத்தருக்காவது ஒறச்சுதா? இல்ல. அவ்வளவு பேரும் உப்பளத்துக்காரங்க, ஒருத்தருக்கும் ஒறைக்கல.

வாசல ஃபோட்டோ எடுத்து சம்பந்தியம்மாவுக்கு வாட்ஸப்புல அனுப்பினேன். "சூப்பரா இருக்குது சம்பந்தி, அங்கயே வெச்சிக்கலாம்"னு பதில் வந்துது. ஞாயித்துக்கெழம கோயில்ல, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு சபைக்கு அறிவிக்கிற கல்யாண ஓல வாசிச்சாங்க. எம் பொண்ணு அன்னிக்குச் சாயந்திரம் கல்லறையாண்ட போய்ப் புல்லு புடுங்கிட்டு வந்தா. மொகம் அப்படித் தெளிஞ்சிருந்துது. நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன்.

கல்யாணம் வியாழக்கெழம. செவ்வாக்கெழம மத்தியானம் கடல் பக்கம் கருத்துது. மே மாசத்துல மழைன்னா எங்க ஊருக்குச் சாவு விழுந்த மாதிரி. வாரி வெச்ச உப்பெல்லாம் கரஞ்சு வாய்க்கால்ல ஓடும். அன்னிக்கு அப்படித்தான் அடிச்சுது. காத்து, இடி, விடாத மழ. நான் வீட்டுல ஒக்காந்து உப்புக்காக வருத்தப்பட்டேன். வாசல நெனக்கவே இல்ல.

புதன்கெழம காலையில கோயிலுக்குப் போனேன். ரோட்டுல தண்ணி வடிஞ்சிடுச்சு. பாய் கட வாசல் காஞ்சு போய் இருக்குது. எங்க வாசல்ல மட்டும் வரப்புல இருந்து வரப்பு வரைக்கும், கோயில் படியத் தொட்டுக்கினு, பின்னாடி கல்லறை வரைக்கும் தண்ணி. தெளிஞ்ச தண்ணி. கோயிலே அதுல தலகீழா தெரிஞ்சுது. படியில மேஸ்திரி தலையில கைய வெச்சுக்கினு நின்னாரு.

"அண்ணி, ராத்திரி பூரா மழ அண்ணி. ஒரு சொட்டு எறங்கல பாருங்க!"

அந்தக் கொரல்ல எனக்குக் கேட்டது வருத்தம் இல்ல. பெரும! "ஏம்பா, ஒனக்கு வெக்கமா இல்ல? நாளைக்கு எம் பொண்ணு கல்யாணம், நீ தண்ணி எறங்கலன்னு பீத்திக்கிறியா? வாசல் கட்டச் சொன்னா பாத்தி கட்டி வெச்சிருக்கியே!"ன்னு கத்தினேன். "நீங்களும்தான மிதிச்சீங்க"ன்னாரு மெதுவா. தண்ணியில எறங்கி அவராண்ட போனேன். அப்படியே படியில ஒக்காந்துட்டேன். அழுகையும் வருது, பாழாப் போன சிரிப்பும் வருது.

அந்த நேரம் பாத்து ஃபோன். சம்பந்தியம்மா. "அங்க பெரிய மழையாமே? எங்க ஹால் காலியாத்தான் இருக்குது சம்பந்தி, ஒண்ணும் கஷ்டமில்ல, ஒரு வார்த்த சொன்னீங்கன்னா மாத்திக்கலாம்." அவங்க கொரல்ல கேலி இல்ல. இருந்திருந்தா எனக்குச் சுலபமாப் போயிருக்கும், நல்லாச் சண்ட போட்டிருப்பேன். யோசிச்சுச் சொல்றேன்னு வெச்சிட்டு வீட்டுக்கு வந்தேன். எம் பொண்ணு கையில மருதாணியோட ஒக்காந்திருந்தா. அவளுக்கு அதுக்குள்ள சேதி வந்திருந்துது.

"பரவால்லம்மா. பாண்டியிலயே வெச்சிக்கலாம். அப்பாவ அப்புறம் ஒரு நாள்..."

"வாய மூடு"ன்னேன். அவ்வளவு கோவமா அவகிட்ட நான் பேசினதே இல்ல. அப்புறம் ஒரு நாள் போனா அது கல்யாணத்தன்னிக்குப் போனதா ஆவுமா? ஃபோனப் போட்டு, "சம்பந்தி, இங்கதான். வந்து சேருங்க"ன்னு சொல்லிட்டு வெச்சேன்.

திரும்பக் கோயிலுக்குப் போனா, வாசல்ல கூட்டம். நான் யாரையும் கூப்பிடல. மழையில அளத்து வேல நின்னு போச்சு, கூலி போச்சு, உப்பு போச்சு. அந்தச் சனம் வீட்டுல படுத்துக்காம மம்பட்டியத் தூக்கிக்கினு கோயிலுக்கு வந்திருக்குது. வரப்ப வெட்டி விடலாம்னா ரோடு மேல இருக்குது, தண்ணி எங்க போவும்? அளத்து டீசல் இன்ஜின தூக்கியாந்து வெச்சு, பைப்ப ரோட்டுக்கு அந்தாண்ட ஓடையில விட்டாங்க. ஒருத்தரு கடப்பாறைய எடுத்துத் தரைய ஒடைச்சு விடலாம், தண்ணி எறங்கிடும்னு ஓங்கினாரு. மேஸ்திரி ஓடிப் போய்க் கையப் புடிச்சுக்கினாரு.

"ஒடைச்சா சேறாயிடும்டா. நாளைக்கு ஒருத்தர் கால் வெக்க முடியாது. இப்ப தண்ணிதான் நிக்குது, கீழ தர கல்லு மாதிரி இருக்குது. அத விட்டுடு."

சாயந்திரம் வரைக்கும் இன்ஜின் எறச்சுது. மொழங்கால் தண்ணி கணுக்காலுக்கு வந்துது. அதுக்குக் கீழ பைப்பு இழுக்கல. விளக்கு வெக்கற நேரத்துக்குத் திரும்பத் தூறல். இதுக்கு மேல முடியாதுன்னு ஆயிடுச்சு. உப்பு மூட்ட கட்டற சாக்குல கடல் மண்ண ரொப்பி, கேட்டுல இருந்து கோயில் படி வரைக்கும் வரிசையாப் போட்டாங்க. பொம்பளைங்க மண்ணு ரொப்பினோம், பாஸ்டர் சாக்கு வாயத் தெச்சாரு. பந்திக்கு ஹார்ட்வேர் கட பாய் அவரு குடோனக் காலி பண்ணிக் குடுத்தாரு. உப்பு போடப் போறீங்களான்னு திரும்ப அவரு கேக்கவே இல்ல. அது பெரிய மனசு. சாக்கு படியோட தீந்து போச்சு. படியில இருந்து பின்னாடி கல்லறை வரைக்கும் வெறும் தண்ணி.

வியாழக்கெழம காலையில வெயில் சுள்ளுன்னு அடிச்சுது. பாண்டி வேன் வந்து நின்னுது. சம்பந்தியம்மா பட்டுப் புடவையோட எறங்கி, மொதல் சாக்கு மேல நின்னுக்கினு இந்தாண்ட பாத்தாங்க, அந்தாண்ட பாத்தாங்க. என் மொகத்துல ஈ ஆடல. அவங்க என்னப் பாத்து, "சொன்ன மாதிரியே அடையாளம் தெரியல சம்பந்தி"ன்னாங்க. மொதல்ல சிரிச்சது மேஸ்திரி. அப்புறம் எல்லாரும். நானும் சிரிச்சேன், ஆனா உள்ளுக்குள்ள பயம் போகல. எனக்கு வேண்டியது அவங்க உள்ள வர்றது இல்லயே. எம் பொண்ணு பின்னாடி கல்லறைக்குப் போவணும்.

தாலி கட்டியாச்சு. ஜெபம் முடிஞ்சுது. மாலையோட ரெண்டு பேரும் வெளிய வந்து படியில நின்னாங்க. நேராப் போனா சாக்கு, கேட்டு, பாய் குடோன், பந்தி. பக்கவாட்டுல திரும்பினா தண்ணி. அவ நேராப் போகல. குனிஞ்சு செருப்பக் கழட்டினா. "புடவ நனையும்டி"ன்னு என்னையும் அறியாம சொல்லிட்டேன். ஃபால்ஸ் நான் தெச்சதாச்சே. "நனையட்டும்மா"ன்னா. கொசுவத்த ஒரு கையால தூக்கிக்கினு எறங்கினா. மாப்பிள்ள ஒரு நிமிஷம் முழிச்சான். அப்புறம் ஷூ, சாக்ஸ் எல்லாம் கழட்டிப் படியில வெச்சிட்டு, பேண்ட சுருட்டிக்கினு அவ பின்னாடி எறங்கினான்.

"வரிசையாப் போங்க! தோளப் புடிச்சுக்கங்க! குதிகால ஊனி வைங்க, வழுக்காது!" மேஸ்திரி படியில நின்னு சத்தம் போட்டாரு. மாப்பிள்ள அவ தோளப் புடிச்சான். அவன் தோள நான் புடிச்சேன். என் தோள்ல ஒரு கை வந்து விழுந்துது, வளையலோட. திரும்பிப் பாத்தா சம்பந்தியம்மா, பட்டுப் புடவைய மொழங்காலுக்குத் தூக்கிச் சொருகிக்கினு. அவங்க பின்னாடி அவங்க சனம், அதுக்குப் பின்னாடி எங்க சனம், கடைசியில பாஸ்டர் அங்கியத் தூக்கிப் புடிச்சுக்கினு. பாண்டியும் மரக்காணமும் ஒரே வரிசையில, பாத்தி மிதிக்கப் போற மாதிரி போனோம். தண்ணிக்குக் கீழ தர கொஞ்சம் கூட அமுங்கல. ஒருத்தர் கூட வழுக்கல. நாங்க மிதிச்ச மிதி அவ்வளவு பேரையும் தாங்குச்சு. அந்தத் தரைய இன்னி வரைக்கும் ஒடைக்காம வெச்சிருக்கோம். மழ பேஞ்சா தண்ணி நிக்கும், நிக்கட்டும்.

கல்லறை மேடு மட்டும் தண்ணிக்கு மேல தெரிஞ்சுது. சிலுவைக்கு நான்தான் அதுக்கு முந்தின வாரம் சுண்ணாம்பு அடிச்சிருந்தேன். அவ மாலையில இருந்து ஒரு பூவ எடுத்து வெச்சா. மாப்பிள்ளையும் ஒண்ணு எடுத்து வெச்சான். எம் பொண்ணு கொஞ்ச நேரம் கைய அந்த மண்ணு மேலயே வெச்சிருந்தா. அழுதா. நான் அழுவல. வந்த வேல முடிஞ்சுது, பந்திக்கு நேரமாவுது, திரும்புங்கன்னு சொல்ல வாயெடுத்தேன்.

சம்பந்தியம்மா நகரல. என் தோள்ல இருந்து கைய எடுத்துட்டு, ரெண்டடி முன்னாடி போய், கல்லறைக்கு எதுர நின்னாங்க. தலையில முந்தானைய இழுத்துப் போட்டுக்கினாங்க. பொண்ணு வீட்டுல இருந்து கெளம்பறப்ப மாப்பிள்ள வீட்டுக்காரங்க பொண்ணோட அப்பாகிட்ட கேக்கறத, அவரு அங்க நிக்கிற மாதிரியே அவருகிட்ட கேட்டாங்க.

"சம்பந்தி, உங்க பொண்ண எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். உத்தரவு குடுங்க."

எல்லாரும் கணுக்கால் தண்ணியில நின்னுக்கினு அந்த மேட்டப் பாக்கறாங்க, பதில் வரணும்னு. எனக்கு வாய் நீளம்னு சொன்னேன் இல்ல? அது அப்ப வரவே இல்ல. பின்னாலயே வந்திருந்த மேஸ்திரி என்னப் பாத்து, "அண்ணி"ன்னாரு.

எங்க வீட்டுக்காரரு சொல்ல வேண்டியது. அவருக்காக நான் சொன்னேன், "போயிட்டு வாங்க"ன்னு.